பன்னிரண்டு புள்ளி இரண்டு

விடியலில் வருகிறார்கள், ஏரி நீர் சொட்டச் சொட்ட.
தோளில் ஆளுக்கொரு பேட்டரி,
கைப்பிடியில் உசிபா மீனின் செதில்.
கொட்டகை வாசலில் நான் கேட்பது ஒன்றுதான்:
எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தாய்?

"அதுவாக அணைந்தது" என்றால் என் முகம் மாறும்.
உசிஸ்யா கரை முழுக்க அறிந்த முகம் அது.
வழித்து நக்கிய சட்டியை
அடுப்பிலேயே விட்டுப் போகிறவர்கள்!

மீட்டரின் சிவப்பு இங்கே, கறுப்பு அங்கே.
பன்னிரண்டு புள்ளி ஏழு: நிறைவு.
பன்னிரண்டு புள்ளி இரண்டு: பாதி. அங்கே நிற்க வேண்டும்.
பத்தரை காட்டினால் நான் பேசுவதில்லை,
நோட்டில் பெயரை எழுதுகிறேன்
பின்தாளிலும் தடம் விழும்படி.

ஆறு மூடிகளையும் திருகிக் கழற்றுகிறேன்.
தகடு மூழ்கும் அளவுக்கு வடிநீர்,
மீதியை ஏறி முடிந்த பிறகு ஊற்றலாம்.
ஏரித் தண்ணீர் ஆகாது,
அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணும்படி
அது தெளிந்திருந்தாலும்.

நிறைந்தது தளும்பாது என்பது குடத்துக்குச் சரி.
இது நிறையும்போதுதான் வாய் திறக்கும்,
அறைக்கு அறை பொடிக் குமிழாக.
அப்போது கொட்டகையில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.
கதவைத் திறந்து போட்டுவிட்டு
நான் வெளியே அமர்ந்து கீரை ஆய்வேன்.

முக்கால் பங்கு மதியத்துக்குள் ஏறிவிடும்,
கடைசிக் கால் பங்குதான்
மாலைவரை இழுக்கும்.
அந்தக் கால் பங்கைத்தான்
எல்லாரும் என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள்.

"இருட்டு வாரம், லுசுங்கு. மீன் காத்திருக்குமா?"
கும்போ பன்னிரண்டு மணிக்கே வயரைக் கழற்றினான்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
"எரிகிறதே, பார்."
எரியும்.
வீட்டில் சொல்லாத கடன்போல
தகட்டின் மேல் வெள்ளையாகப் படிந்துகொண்டே எரியும்.

பிறகு நிலா வந்தது.
நிலா வெளிச்சத்தில் உசிபா விளக்கை மதிப்பதில்லை,
படகுகள் கவிழ்ந்து படுத்தன.
ஊருக்கு அது ஓய்வு வாரம்.
எனக்கு அதுதான் அலைச்சல்.
வேலை செய்து செத்த பேட்டரி குறைவு,
வெறும் வயிற்றோடு மூலையில் கிடந்து செத்ததே அதிகம்.

வீடு வீடாகப் போனேன் கைவண்டியோடு.
ஒன்று கட்டிலுக்கடியில், கோழி அடைகாக்க.
ஒன்று ரேடியோவுக்குப் பாட்டுப் பாடிக் களைத்து.
கும்போவினுடையது சந்தைமுனைச் சாராயக்கடையில்,
பழைய பாக்கிக்கு அடகாக,
ஒரு ஒலிபெருக்கியின் காலடியில்.
பாக்கியை நான் கட்டவில்லை.
கடைக்காரி என்சோஸியிடம் மட்டும் சொன்னேன்:
"பிணத்தை அடகு பிடித்திருக்கிறாய்."
அவள் சிரித்தாள், பிறகு மீட்டரைப் பார்த்தாள்,
பிறகு எடுத்துப் போகச் சொன்னாள்.

ஐந்து பகல், துளித் துளியாக.
மிதவைக் குழாயை ஒவ்வோர் அறையிலும் விட்டு உறிஞ்சினேன்.
ஐந்து அறைகளில் மிதவை எழுந்தது,
மூன்றாம் அறையில் தயங்கித் தயங்கி.
பழைய வலுவில் முக்கால்தான் மீண்டது.
நல்ல வார்த்தைக்கும் அதற்குமேல் கரையாது அந்த வெள்ளை.

மறுபடி இருட்டு.
இரவு கரையில் நின்றேன், காரணம் ஒன்றுமில்லை.
ஏரிக்கு நடுவே விளக்குகள்
இன்னோர் ஊர் குடியேறியதுபோல்.
நள்ளிரவுக்கு வெகு முன்பே ஒன்று அணைந்தது.
தடுமாறவில்லை, மங்கவில்லை,
வீட்டு விளக்கை ஒருவர் அணைப்பதுபோல், சட்டென்று.

காலையில் கும்போவின் கூடை பாதி.
முகம் அதற்கும் குறைவு.
எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை,
முள்ளை வைத்தேன்.
பன்னிரண்டு புள்ளி இரண்டு.

வயரைத் தன் கையாலேயே மாட்டினான்.
"மாலைவரையா?"
மாலைவரை.